கருவிழி: முழுசாக மாற்றாமல் படலத்தை மட்டும் மாற்றுவது பற்றி வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு 68 வயது. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணில் கருவிழி வீங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் ஒரே புகைமூட்டம், மதியத்துக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லை. 'ஒரு படலம் மாற்றினால் போதும்' என்கிறார் டாக்டர். அது எப்படிப் போதும்?

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். அதன் உள்பக்கத்தில் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் செல்கள்தான் பம்ப் செட். கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் கசிந்துகொண்டே இருக்கும். இவை அதை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 முதல் 3,000 செல்கள் வரை இருக்கும். செத்த செல்லுக்குப் பதில் புதிது முளைக்காது. எண்ணிக்கை 500 வாக்கில் இறங்கினால் நீர் தங்கிக் கருவிழி ஊறிப்போகும். இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாக வழியில்லை. காலை மங்கலுக்குக் காரணம் அதுதான்.

கெட்டது உள்படலம் மட்டும் என்றால் முன்பக்கத்தை ஏன் வெட்ட வேண்டும்? உள்படலத்தை மட்டும் மாற்றும் டிமெக் (DMEK) முறையில், ஓரத்தில் சுமார் மூன்று மில்லிமீட்டர் திறப்பு வழியாகக் கெட்ட படலத்தை 8 மி.மீ. வட்டத்துக்கு உரித்தெடுப்பார்கள். தானமாக வந்த படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கு இருந்தால் அதிகம். உரித்ததுமே பாய் சுருள்வது போலத் தானாகச் சுருண்டுகொள்ளும். நிறமே இல்லாததால் டிரைபான் நீலம் என்ற சாயம் ஏற்றித்தான் கண்ணில் படும்படி செய்வார்கள். சுருளைக் குழாய் வழியாக உள்ளே செலுத்தி, கருவிழியை வெளியிலிருந்து மெல்லத் தட்டித் தட்டி விரித்து, அடியில் காற்றுக்குமிழி விட்டு மேலே ஒட்ட வைப்பார்கள். செல்கள் இருக்கும் பக்கம் கீழ்நோக்கி, கருந்திரையை (கண்ணுக்கு நிறம் தரும் வளையத்தை) பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக ஒட்டினால் பம்ப் வேலை செய்யாது, மங்கல் தெளியாது. அதனால்தான் படலத்தின் மேல் 'எஸ்' எழுத்தை முத்திரையாகக் குத்துகிறார்கள். கண்ணுக்குள் அது திரும்பித் தெரிந்தால் படலமும் திரும்பியிருக்கிறது.

ஒருவர் டிமெக் என்கிறார், இன்னொருவர் டிசெக் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். டிசெக்கில் (DSEK) உள்படலத்தோடு கருவிழியின் நடு அடுக்கிலிருந்து ஒரு மெல்லிய பட்டையும் சேர்ந்து வரும். அது சுருளாது, கையாள எளிது. பார்வைக் கூர்மை மட்டும் ஒரு படி குறையலாம். உடல் ஏற்க மறுப்பதிலும் வித்தியாசம் உண்டு. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஒப்பீட்டில், இரண்டு ஆண்டுகளுக்குள் நிராகரிப்பு ஏற்பட்டது முழுக் கருவிழி மாற்றியவர்களில் 18 சதவீதம், டிசெக்கில் 12, டிமெக்கில் 1.

ஆனாலும் எல்லாக் கண்ணுக்கும் டிமெக் பொருந்தாது. விழித்திரை ஆபரேஷனில் கண்ணாடித் திரவத்தை எடுத்துவிட்ட கண், கண் அழுத்தத்துக்குக் குழாய் வைத்த கண், லென்ஸே இல்லாத கண் இவற்றில் குமிழி நிலைக்காது. படலம் பின்பக்கம் நழுவி விழக்கூடும். அங்கே டிசெக்தான் பத்திரம். இரண்டுக்கும் நடுவே பிடெக் (PDEK) என்று ஒரு முறை உண்டு. கண் மருத்துவர்களான சென்னையின் அமர் அகர்வாலும் பிரிட்டனின் ஹர்மிந்தர் துவாவும் உருவாக்கி 2014-இல் வெளியிட்டது. கூடவே ஒரு மெல்லிய அடுக்கு வருவதால் இறுகச் சுருளாது. இளவயதினரின் தானக் கருவிழியையும் பயன்படுத்தலாம்.

மல்லாந்து எத்தனை நாள் படுக்க வேண்டும்? ஊருக்கு விமானத்தில் போகலாமா?

குமிழி மேலே மிதக்கும் பொருள். முகம் கூரையைப் பார்த்தால்தான் அது படலத்தைக் கருவிழியோடு அழுத்திப் பிடிக்கும். முதல் இரண்டு மூன்று நாள், சாப்பாடு, கழிப்பறை தவிர மற்ற நேரமெல்லாம் மல்லாந்திருங்கள். சாய்வு நாற்காலி கணக்கில் வராது. விட்டது வெறும் காற்றா, எஸ்.எஃப்.6 வாயுவா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: காற்று சில நாளில் கரையும், வாயு ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். முழுக்கக் கரைந்ததாக டாக்டர் சொல்லும்வரை விமானமும் வேண்டாம், மலைப்பயணமும் வேண்டாம். உயரம் போனால் குமிழி விரியும், கண் அழுத்தம் ஏறும்.

ஆபரேஷன் அன்று இரவே கண்ணோடு தலையும் வலித்து வாந்தி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குமிழி கண் பாப்பாவை (கருந்திரையின் நடுத் துளையை) அடைத்து நீரோட்டத்தை நிறுத்தியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் கருந்திரையின் அடிப்பகுதியில் முன்கூட்டியே சிறு துளை போடுகிறார்கள். அந்தத் துளையும் சில சமயம் அடைபடும். படலத்தின் ஓரம் விலகினால் மறுபடி காற்று விடுவார்கள். பத்து நிமிட வேலை. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை.

ஆறு மாதமாயிற்று, பார்வை நன்றாக இருக்கிறது. சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகக் குறைத்து, பலருக்கு நாளுக்கு ஒரு சொட்டு என்று நீண்டகாலம் தொடர்வார்கள். அதே மருந்து கண் அழுத்தத்தை ஏற்றலாம். அழுத்தம் பார்க்கும் தேதியைத் தவற விடாதீர்கள். சிவப்பு, வெளிச்சக் கூச்சம், மங்கல், வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே காட்டுங்கள்.

மகனுக்கு 22 வயது, கருவிழி கூம்பு போல நீண்டிருக்கிறது. அவனுக்கும் இந்தப் படலம்தானா?

இல்லை, நேர் எதிர். கூம்புக் கருவிழியில் உள்செல்கள் நன்றாகவே இருக்கும். மெலிந்து வளைவது முன்பகுதிதான். முதலில் வளைவு ஏறுகிறதா என்று பாருங்கள்; ஏறினால் கருவிழியைக் கெட்டிப்படுத்தும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை, பார்வைக்குக் கெட்டிக் காண்டாக்ட் லென்ஸ். கண்ணைக் கசக்கும் பழக்கத்தை அன்றே நிறுத்த வேண்டும். லென்ஸும் ஒத்துவராமல் தழும்பு விழுந்தால் டால்க் (DALK) ஆபரேஷன்: கருவிழிக்குள் ஊசியால் காற்றைச் செலுத்தி உள்படலத்தைப் பெரிய குமிழியாகப் பிரித்து, அதற்கு மேலுள்ளதை மட்டும் மாற்றுவது. சொந்த உள்செல்கள் அப்படியே இருப்பதால் அவை நிராகரிக்கப்படும் பேச்சே இல்லை. நடுவில் படலம் கிழிந்துவிட்டால் முழுக் கருவிழி மாற்றத்துக்குப் போக வேண்டிவரும். ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கும், படித்துக் கையெழுத்திடுங்கள். தையல் முழுவதும் எடுக்க ஓராண்டுக்கு மேலாகலாம், அதுவரை கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருக்கும்.

ஊசியில் செல்களைச் செலுத்துவதாகப் படித்தேன். நிஜமா?

நிஜம். ஜப்பானின் கியோட்டோவில் கண் மருத்துவர் கினோஷிதாவின் குழு ஆய்வகத்தில் வளர்த்த செல்களை 11 பேருக்குச் செலுத்திய முடிவை 2018-இல் வெளியிட்டது. ஊசி போட்டதும் நோயாளி மூன்று மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும். செல்கள் கருவிழியில் போய்ப் படிய அதுதான் வழி. ஜப்பான் 2023-இல் இதற்கு அனுமதியும் தந்தது. ஆனால், இன்று பார்வை மங்கியிருப்பவர் இதற்காகக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

தாத்தாவுக்கு 80 வயது, சர்க்கரை உண்டு, கண்புரை ஆபரேஷனும் ஆனவர். கண் தானம் எடுப்பார்களா?

எடுப்பார்கள். டிமெக்குக்கு வயதானவர் படலம்தான் கைக்கு இணக்கம். இளசு இறுகச் சுருளும். சர்க்கரை உள்ளவர் படலம் உரிக்கும்போது கிழிய வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் எது எதற்கு ஆகும் என்பதைக் கண் வங்கி செல்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும். உள்படலம் ஒருவருக்கும் முன்பகுதி இன்னொருவருக்கும் போவதும் உண்டு.

உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும். தலைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆகவே கண் வங்கியை அழைத்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாம்.