குடிநீர்க் கருவி வாங்கும் முன்: வாசகர் கேள்வி - பதில்

வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளைப் பற்றி வந்திருந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ‘80 சதவீதம் வரை தண்ணீர் சேமிப்பு’ என்று விளம்பரம் செய்யும் புதிய கருவிக்கு மாறலாமா? - வாசகி, தாம்பரம்

பதில்: மாறலாம், ஆனால் அந்த 80 என்ற எண் எதைக் குறிக்கிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மாறுங்கள்.

ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவியில் உள்ள மெல்லிய சவ்வின் ஒரு பக்கத்தில் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தும்போது, அதில் ஒரு பகுதி உப்பைப் பெருமளவு விட்டுவிட்டு மறுபக்கம் கடந்து செல்கிறது. பின்தங்கிய உப்பு சவ்வின் மேல் படிந்து அடைத்துவிடாமல் இருக்க, மிச்ச நீர் அதை அடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, நடைமுறையில் பயன்படக்கூடிய முதல் சவ்வை உருவாக்கிய காலம் தொட்டு இதுதான் இதன் அடிப்படை. ஆகவே நீர் வெளியேறுவது கருவியின் கோளாறு அன்று. எவ்வளவு வெளியேறுகிறது என்பதே கேள்வி.

உங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கருவி, உள்ளே போகும் நீரில் கால் பங்கை மட்டுமே நல்ல நீராகத் தருமானால், அந்த 20 லிட்டருக்காக 60 லிட்டர் வெளியேறுகிறது. ஆண்டுக் கணக்கில் இது 21,900 லிட்டர்; அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் ஏறக்குறைய இரண்டு. இதே 20 லிட்டரை, உள்ளே போவதில் 60 சதவீதத்தை நல்ல நீராக்கும் கருவியில் எடுத்தால், வெளியேறுவது 13 லிட்டர் சொச்சம்தான். 60 லிட்டர் 13 ஆகக் குறைவது கிட்டத்தட்ட 78 சதவீதக் குறைவு. ஆக, 60 சதவீத நீரை மட்டுமே மீட்கும் கருவியைக்கூட ‘ஏறக்குறைய 80 சதவீதச் சேமிப்பு’ என்று ஒரு நிறுவனம் எழுதலாம். அதில் பொய் இல்லை. ஆனால் படிப்பவர், நூறு லிட்டர் ஊற்றினால் எண்பது லிட்டர் குடிநீர் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வார். ‘100 லிட்டர் உள்ளே போனால் எத்தனை லிட்டர் குடிக்கக் கிடைக்கும்? அந்த எண் எந்த உப்பு அளவுள்ள நீரில் சோதித்துச் சொன்னது?’ என்று கேளுங்கள். ‘வரை’ என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் அதே கருவி அதே அளவைத் தருவது அரிது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் நீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவு, லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால், பழைய கருவி வெளியேற்றும் நீரில் அது ஏறத்தாழ 800-க்கு அருகே இருக்கும். 60 சதவீதத்தை மீட்கும் கருவியில், அவ்வளவு உப்பும் குறைந்த நீரில் அடங்க வேண்டியிருப்பதால் 1,400-ஐத் தாண்டும். உப்பு செறியச் செறிய, சுண்ணாம்புப் படிவு சவ்வை விரைவில் அடைக்கும். இதைத் தடுக்கத்தான் புதிய கருவிகளில் படிவு தடுக்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கூடுதலாக வைக்கிறார்கள். தண்ணீரை மிச்சப்படுத்தி, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு சவ்வையும் இரண்டு கார்ட்ரிட்ஜ்களையும் குப்பையில் போடும் நிலை வந்தால் அதை முழுமையான சேமிப்பு என்று நான் ஏற்க மாட்டேன். சவ்வு எத்தனை ஆயிரம் லிட்டருக்கு உழைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதிய கருவி வரும் வரை, வெளியேறும் குழாயைச் சாக்கடைக்குப் பதில் ஒரு டிரம்முக்குத் திருப்புங்கள். தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற, பாத்திரங்களை முதல் முறை அலச அது தாராளமாகப் போதும். மாடித் தோட்டத் தொட்டிச் செடிகளுக்கு மட்டும் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். வடிந்தோட வழியில்லாத மண்ணில் உப்பு தங்கிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். அண்மையில் வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, இரண்டு கம்பிகள் உள்ள ஒரு கருவியை எங்கள் குடிநீரில் முக்கி மின்சாரம் கொடுத்தார். சில நிமிடங்களில் தண்ணீர் சேறு போல் பழுப்பானது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர் தெளிவாகவே இருந்தது. இத்தனை நாள் இதையா குடித்தோம் என்று என் மனைவி அஞ்சுகிறார். - வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்தது அன்று, கம்பியிலிருந்து வந்தது. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்துள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து, துரு போன்ற பழுப்புப் படிவாகித் திரளும். ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, இரும்பும் கரையாது, நீர் தெளிவாகவே நிற்கும். அவர் மறுபடி வந்தால், அவருடைய ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் கண் முன்னே பழுப்பாகும். நலக்கேட்டைக் காட்டும் சோதனை என்ற பெயரில் குடும்பங்களை இப்படி அச்சுறுத்திப் பொருள் விற்பதை வன்மையாகக் கண்டிக்க வேண்டும்.

சிறுவாணி நீர் உப்பு மிகக் குறைந்த மென்னீர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம், கரைந்த திடப்பொருள்களுக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமை வகுத்திருக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. 500-க்குக் குறைவான நீருக்கு ஆர்.ஓ. கருவியைத் தடை செய்ய வேண்டும் என்றும், அனுமதிக்கும் இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் நீரை மீட்க வேண்டும் என்றும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் உத்தரவிட்டதன் காரணமும் இதுதான்: தேவையே இல்லாத வேலைக்காக நல்ல நீர் சாக்கடைக்குப் போகிறது. சென்னையில் நெம்மேலி போன்ற ஆலைகளில் கடல்நீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து அனுப்பும் நீரைச் சில வீடுகளில் மீண்டும் ஆர்.ஓ.வில் விடுவதும் இதே வீண்தான்.

உங்களுக்கு அச்சம் இருக்க வேண்டிய இடம் வேறு. வரும் வழியில் குழாய் உடைந்து சாக்கடை நீர் கலக்கலாம். மொட்டைமாடித் தொட்டியில் பாசி பிடிக்கலாம். அவை கிருமி தொடர்பானவை. தொட்டியை முறையாகக் கழுவி, புறஊதா விளக்கு உள்ள கருவியோ, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் எனப்படும் நுண்குழல் வடிகட்டியோ வைத்தால் போதும். அவ்வப்போது வடிகட்டியைக் கழுவும் நீரைத் தவிர அவற்றில் நீர் வெளியேற்றம் இல்லை. வழக்கமான புறஊதா விளக்கில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. அது இல்லாத எல்.இ.டி. வகையும் வந்திருக்கிறது.

கேள்வி: பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் தங்கள் அறிக்கைகளில் ‘இத்தனை கோடி லிட்டர் பாதுகாப்பான குடிநீர் வழங்கினோம்’ என்று எழுதுகின்றன. இது அக்கறையா, விற்பனை உத்தியா? - பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

பதில்: இரண்டும்தான், அதை ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு பார்ப்பது நல்லது. ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் ‘பியூரிட்’ கருவியை முதன்முதலில் 2004-இல் அறிமுகப்படுத்தியது நம் சென்னையில்தான். நாடு முழுவதும் அது 2008-இல் சென்றடைந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் தன் எடையாலேயே நுண்ணிழை வலை, கார்பன் அடுக்கு, குளோரின் சார்ந்த கிருமிநீக்கி, இறுதி வடிகட்டி என்று ஒவ்வொன்றாய்க் கடந்து கீழே சேரும். மின்சாரம் வேண்டாம், எரிவாயு வேண்டாம், குழாய் இணைப்பும் வேண்டாம். குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் வீட்டுக்கு ஏற்றபடி யோசித்துச் செய்த கருவி அது. ஒரு சொட்டு நீர்கூட வெளியேற்றப்படுவதில்லை என்பதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. இன்று நினைத்துப் பார்த்தால் அதுவே அதன் மிகப் பெரிய சிறப்பு. கிருமிநீக்கியின் ஆற்றல் தீர்ந்ததும் கருவி தானாகவே நீர் வருவதை நிறுத்திவிடும் ஏற்பாடும் அதில் இருந்தது. காலாவதியான வடிகட்டியில் வடித்த நீரை நம்பிக் குடிப்பதைவிட, நின்றுபோன கருவி எவ்வளவோ மேல். அந்த நேர்மையான பொறியியலை நான் மனமாரப் பாராட்டுவேன்.

2009 டிசம்பரில் டாடா கெமிக்கல்ஸ் கொண்டுவந்த ‘டாடா ஸ்வச்’, நெல் உமிச் சாம்பலில் நுண்வெள்ளித் துகளைப் படியவைத்து, ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் வந்தது. அரிசி ஆலைகளில் மலையாய்க் குவியும் உமிச் சாம்பலைக் குடிநீருக்குப் பயன்படுத்தியது உண்மையான புதுமை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினரின் ஆய்வு, பூச்சிக்கொல்லி எச்சத்தை நுண்வெள்ளியால் நீக்கும் வடிகட்டியாகச் சந்தைக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். பிறகு சந்தையின் கவனம் ஆர்.ஓ. பக்கம் திரும்பியது. மின்சாரமும் நீரும் கேட்காத எளிய கருவிகளில் காட்டிய கூர்மையை நிறுவனங்கள் அதே தீவிரத்தோடு தொடரவில்லை என்பது என் வருத்தம்.

இனி அந்த லிட்டர் கணக்கு. ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தாய் நிறுவனமான யூனிலீவர் 2010-இல் வெளியிட்ட நிலைத்த வாழ்வுத் திட்டத்தில் பியூரிட் மூலம் பாதுகாப்பான குடிநீர் வழங்குவது ஓர் இலக்காக இருந்தது. 2024 ஜூலையில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் அந்தப் பிரிவையே ஏ.ஓ. ஸ்மித் நிறுவனத்துக்கு 601 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது. வணிகத்தில் வாங்குவதும் விற்பதும் இயல்பே. ஆனால், ஒரு நிறுவனத்தின் பொதுநல இலக்கு, அது விரும்பும்போது கைமாற்றக்கூடிய ஒரு பிரிவைச் சார்ந்திருக்கிறது என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம். கருவிகள் வடித்த நீரை மட்டும் கூட்டிச் சொல்வது பாதிக் கணக்கு. வெளியேற்றிய நீர் எவ்வளவு, திரும்பப் பெற்ற பழைய கார்ட்ரிட்ஜ் எத்தனை, கருவி வாங்கிய வீடுகளில் இரண்டாம் ஆண்டும் மாற்று வடிகட்டி வாங்கியவை எத்தனை என்ற மூன்றையும் சேர்த்து வெளியிட்டால்தான் முழுக் கணக்கு. மூன்றாவது மிக முக்கியம். மாற்று வடிகட்டி வாங்கக் கட்டுப்படியாகாத வீட்டில் அந்தக் கருவி வெறும் பிளாஸ்டிக் தொட்டிதான்.

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பதாகச் சொல்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் போதுமா? மின்சாரம் தேவைப்படாத வடிகட்டி வாங்கலாமா? - வாசகர், பென்னாகரம்

பதில்: இரண்டும் உதவாது. காய்ச்சினால் நீர் ஆவியாகும், ஃபுளோரைடு ஆவியாகாது. மீதமுள்ள நீரில் சற்றுக் கூடவே செய்யும். கிருமி நீக்கும் எளிய வடிகட்டிகளும் அதைத் தடுக்கா. உங்களுக்கு ஆர்.ஓ. உண்மையிலேயே தேவைப்படலாம். ஆனால் அதற்கு முன், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்; தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு தொல்லைக்காகவே நிறைவேற்றிய திட்டம் அது.

கிணற்று நீரைத்தான் குடிக்க வேண்டும் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்துவிடுங்கள். சுத்தமான கேனை அதே நீரால் பலமுறை அலசிவிட்டுப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. கடையில் விற்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரால் இதை அறிய முடியாது. மொத்த உப்பு எவ்வளவு என்று அது தோராயமாகக் காட்டுமே தவிர, அதில் எது இருக்கிறது என்று காட்டாது.

கருவி வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சுவைக்காகவும் தாதுக்களுக்காகவும் ‘டி.டி.எஸ். கன்ட்ரோலர்’ என்ற திருகு பல கருவிகளில் உண்டு. சவ்வைக் கடக்காத நீரில் கொஞ்சத்தைச் சுத்தமான நீரோடு கலப்பதே அதன் வேலை. உப்பு மட்டும் கூடுதலான ஊரில் அதனால் கெடுதல் இல்லை. உங்கள் ஊரில் அதைத் திறந்தால், பணம் கொடுத்து நீக்கிய ஃபுளோரைடு மறுபடி டம்ளருக்கு வந்துவிடும். அதை முழுவதும் மூடிவைக்கச் சொல்லுங்கள். வெளியேறும் நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும் என்பதால் அதை ஆடு மாடுகளுக்குக் குடிக்க வைக்க வேண்டாம்.

கேள்வி: கருவியே வேண்டாம், காய்ச்சிக் குடிப்பதுதானே சிக்கனம்? - வாசகி, மன்னார்குடி

பதில்: கிருமிகளுக்குக் காய்ச்சுவது மிக நம்பகமான வழி. சிக்கனம் என்று சொல்ல முடியாது. ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 10 கிராம் எரிவாயு செலவாகும். நாளொன்றுக்கு 10 லிட்டர் காய்ச்சினால் மாதம் 3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் காய்ச்சுங்கள், ஆறும் வரை மூடியே வையுங்கள்.

கேள்வி: பழைய கார்ட்ரிட்ஜ்களை என்ன செய்வது? - வாசகர், ஓசூர்

பதில்: கார்பன் கார்ட்ரிட்ஜின் வெளிக்கூடு பெரும்பாலும் ஒரே வகைப் பிளாஸ்டிக்; உடைத்துப் பிரித்தால் பழைய பிளாஸ்டிக் வாங்குபவர்கள் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஆர்.ஓ. சவ்வு அப்படி அன்று. பல வகைப் பிளாஸ்டிக் தாள்களைப் பசையிட்டுச் சுருட்டியிருப்பதால் அதைப் பிரித்தெடுப்பது கடினம். சர்வீஸ் செய்ய வருபவரிடம் பழையதைத் திரும்ப எடுத்துச் செல்லும்படி ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மறுத்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் புகார் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பழைய புறஊதா விளக்கை மட்டும் உடைக்காமல், அட்டையில் சுற்றி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் தனியாகக் கொடுங்கள்.