காணிக்கு ஒரு முறை, கடன் கொப்பிக்கு ஒரு முறை

கேள்வி (உப்புவெளி): ஐயா, விடுதி கட்டவென ஒரு காணிக்கு ஐந்து இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்தேன். உரிமையாளர் முத்திரை ஒட்டிய கடதாசியில் ஒப்பமிட்டுத் தந்தார். இப்போது விற்க மறுக்கிறார். வழக்கிட்டுக் காணியைப் பெறலாமா?

பதில்: பெற முடியாது. இலங்கையின் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, காணியை விற்கும் உறுதிப்பத்திரம் மட்டுமன்றி, பின்னர் விற்பதாக இணங்கும் உடன்படிக்கையும், ஆவணங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க எழுத்தில் ஒப்பமிடப்பட வேண்டும். இல்லையேல் அதற்குச் சட்டவலு இல்லை. முத்திரை ஒட்டினால் கடதாசிக்கு உயிர் வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே எப்படித்தான் வேரூன்றியதோ! ஆயினும் பணம் போய்விட்டதென்று இருந்துவிடாதீர்கள். ஒருவர் மற்றவரின் பொருளால் நியாயமின்றிப் பயனடைவதை நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கிடலாம், பணம் கைமாறியதற்கு அந்தக் கடதாசியே சான்றாகும். இனிக் காணி வாங்குவதானால் முதலில் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். ஒரே காணிக்கு இருவர் உறுதி முடித்திருந்தால், வஞ்சகம் இல்லாதவிடத்து, முந்திப் பதிந்த உறுதியே முன்னுரிமை பெறும்.

கேள்வி (மூதூர்): கடைக்காரர் ஒருவருக்கு அரிசி மூட்டைகளைக் கடனுக்குக் கொடுத்தேன். என் கொப்பியில் குறித்ததைத் தவிர எழுத்து எதுவுமில்லை. பணத்தை வழக்கிட்டுப் பெறலாமா?

பதில்: பொருளை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டபடியால் எழுத்து இல்லாமை தடையாகாது. கவனிக்க வேண்டியது காலம். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கும் கடைக் கடனுக்கும் வழக்கிட ஓராண்டு மட்டுமே தருகிறது. எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கோ ஆறு ஆண்டுகள். அவர் ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, காலம் புதிதாக எண்ணப்படும். ஒப்பமிட்ட ஒரு துண்டையாவது இன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகர்): நானும் நண்பரும் எழுத்தின்றிக் கூட்டாக மீன் வியாபாரம் செய்கிறோம். வியாபாரத்துக்கென அவர் வாங்கிய கடனுக்கு நானும் பொறுப்பா?

பதில்: ஆம். வியாபாரத்தின் வழமையான தேவைக்காகப் பங்காளி ஒருவர் பட்ட கடன் ஏனையோரையும் கட்டும். உங்கள் சொந்தச் சொத்துக்கும் அதிலிருந்து பாதுகாப்பில்லை. மூலதனம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மேற்சொன்ன 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. (இன்றைக்கு ஒரு பெட்டி மீனுக்கும் போதாத தொகை அது.) எழுத்தில்லாததால் உங்கள் பங்கை நண்பரிடம் கேட்டு வழக்கிடுவதுதான் கடினமாகும், கடன் கொடுத்தவர் உங்கள் இருவர் மீதும் வழக்கிடுவதை அது தடுக்காது. பொறுப்பை மட்டுப்படுத்த விரும்பினால், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனியைப் பதியலாம். ஆனால் அதற்கு முன்னர் பட்ட கடனிலிருந்து அது உங்களை விடுவிக்காது.