போதகர் எம்.பி. ஆகலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதியில் ஒரு போதகரை அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2004இல் ஒன்பது பிக்குகள் ஒன்றாகப் பாராளுமன்றம் போனதையும், 2019இல் முஸ்லிமான கிழக்கு மாகாண ஆளுநரை நீக்கச் சொல்லி அவர்களில் ஒருவர் கண்டியில் உண்ணாவிரதம் இருக்க, அந்த ஆளுநர் பதவி விலகியதையும் பார்த்தவர்கள் நாங்கள். சமயத் தொண்டருக்கு அங்கே என்ன வேலை?

ஒரு வாசகர், கல்லடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டுப் போனால், போன இடத்திலும் அதைத்தான் பேச வேண்டிவரும். அந்தச் சூடு நமக்குப் பட்டிருக்கிறது. ஆனால் ‘என்ன வேலை’ என்று கேட்டீர்களே, அதற்கு எனக்கு டொமி டக்ளஸ் என்ற கனடாக்காரரின் ஞாபகம் வருகிறது.

1904இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கனடாவின் வினிபெக் நகருக்குப் போனார். முழங்கால் எலும்பில் சீழ் பிடித்து, காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தகப்பன் இரும்பு வார்ப்புத் தொழிலாளி. பெரிய வைத்தியரிடம் காட்டக் காசில்லை. அப்போது ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர், மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கப் பெற்றோர் சம்மதித்தால் காசு வாங்காமல் செய்வதாகச் சொன்னார். கால் தப்பியது. அந்த வைத்தியர் கண்ணில் படாமல் போயிருந்தால்? டக்ளஸ் கடைசிவரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1930இல் சஸ்காச்செவன் மாகாணத்தின் வெய்பேர்ன் ஊரில் பப்டிஸ்ட் போதகரானார். மழை பொய்த்து, கோதுமை விலையும் விழுந்த காலம். பிரசங்கம் மட்டும் போதாது என்று 1935இல் எம்.பி. ஆனார். 1944 முதல் 17 வருடம் மாகாண முதல்வர். 1947இல் ஆஸ்பத்திரிச் செலவை அரசே ஏற்றது. வைத்தியருக்குக் கொடுக்கும் காசையும் அரசே ஏற்கும்படி அவர் தொடங்கிவைத்த வைத்தியக் காப்புறுதி 1962இல் நடைமுறைக்கு வந்தபோது வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனாலும் அது நின்றது. பத்து வருடத்தில் நாடு முழுக்கப் பரவியது. ஸ்கார்பரோவில் நம் உறவுகள் பையில் வைத்திருக்கும் சுகாதார அட்டைக்குப் பின்னால் இந்தப் போதகரின் கால் இருக்கிறது.

அவரிடம் குறையும் உண்டு. 1933இல் எழுதிய ஆய்வேட்டில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்று வாதித்தார். படித்தபோது எனக்கு நெஞ்சு கசந்தது. முதல்வரானபின் அந்த யோசனையை அவரே தள்ளிவிட்டார்.

சரி, உங்கள் போதகருக்கு வருவோம். என் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாட்களில், படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி வாங்கில் காத்திருக்கும் ஆச்சிமாரைப் பார்ப்பேன். அதில் இந்து உண்டு, கிறிஸ்தவம் உண்டு, முஸ்லிம் உண்டு. சில நாள் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் துண்டைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசுவாரா என்று அவரிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்