பத்திரத்தை அடகு வைக்காதீர்கள், அந்த லேப்டாப்பை அணைக்கவும் வேண்டாம்

ராசிபுரத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கவலைகள் இருக்கின்றன. +2 முடித்த மகன் பழைய லேப்டாப்பை வீட்டுப் போட்டோக்களைச் சேர்த்து வைக்கும் சர்வராக்கி (எப்போதும் ஓடி, மற்ற போன்களுக்குக் கோப்புகளைத் தரும் கணினி), அதுவே கதி என்று கிடக்கிறான், ராத்திரியும் அதை அணைக்க விடுவதில்லை. வீட்டு நெட்டை வெளியிலிருந்து திறக்க வழி செய்து வைத்திருக்கிறான், எவனாவது புகுந்துவிடுவான் என்று அவன் பெரியப்பா பயமுறுத்துகிறார். அதே பெரியப்பா, வீட்டுப் பத்திரத்தை வைத்து 10 லட்சம் வாங்கி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ‘ஏஐ’ இன்ஜினியரிங் சேர்த்துவிடச் சொல்கிறார். முதல் இரண்டும் பேசித் தீர்க்கக்கூடியவை. மூன்றாவதைச் செய்யாதீர்கள்.

10 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்று வையுங்கள். மாதம் சுமார் 17,100 ரூபாய் வரும். படிக்கும் நான்கு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கணவரின் பட்டறை வருமானத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கூட்டிப் பாருங்கள். கடன் பத்திரத்தில் பெரியப்பா கையெழுத்துப் போடப் போவதில்லை.

மகன் செய்துகொண்டிருப்பது விளையாட்டு என்று நினைக்கிறீர்கள். அதற்கு ஊதியம் தரும் வேலைகள் இருக்கின்றன: சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் அட்மின். மில், ஆஸ்பத்திரி, கல்லூரி, லாரி புக்கிங் ஆபீஸ் எங்கே சர்வர் ஓடினாலும் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். ஆனால் அவனுக்கு அதில் உண்மையிலேயே பிடிப்பு இருக்கிறதா என்பதைச் சோதிக்காமல் நானும் சொல்ல மாட்டேன். உட்கார வைத்துக் கேளுங்கள். பதில் முழுதாகப் புரியாவிட்டாலும், தெரிந்து சொல்கிறானா, சமாளிக்கிறானா என்பது பெற்றவளுக்குத் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: வெளியிலிருந்து எப்படி உள்ளே வருகிறாய்? “ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்ட் செய்து போட்டோ ஆப்பை நேராகத் திறந்துவிட்டேன்” (அதாவது, வெளி இணையத்திலிருந்து வீட்டு சர்வருக்கு நேராக ஒரு கதவு, ஒரு ‘போர்ட்’, திறந்து வைத்தேன்) என்றால் பெரியப்பா சொன்னது சரி. திறந்த போர்ட்டைத் தேடி உலகம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆப்பில் ஒரு ஓட்டை வெளியானால் போதும். “வயர்கார்டு வழியாகத்தான் வருகிறேன்” என்றால் நிம்மதி. 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5.6-உடன் சேர்ந்த விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) அது. சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் பதிலே தராது. அதனால் தேடுகிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டாவது: நம் ரௌட்டருக்குச் சொந்தப் பொது முகவரி (வெளி இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய ஐபி எண்) இருக்கிறதா? ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘WAN’ (வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், நெட் கம்பெனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே போர்ட் ஃபார்வர்ட் எத்தனை முறை செய்தாலும் வேலை செய்யாது. பையன்கள் பலர் நாள் கணக்கில் முட்டிக்கொள்வது இங்கேதான். தனியாகப் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்கலாம், ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி கிடைத்தால் அதில் வரலாம். இல்லையென்றால் சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை எடுத்து, வீட்டு சர்வரே அதற்கு வெளிநோக்கி இணைப்புப் போட வேண்டும். அப்போது வயர்கார்டில் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்க அடிக்கடி அனுப்பும் சிறு செய்தி) 25 விநாடி என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் உள்ள ரௌட்டர் அந்த இணைப்பை மறந்துவிடும். இதெல்லாம் கஷ்டம் என்றால், இந்த இணைப்பைத் தானே அமைத்துத் தரும் டெயில்ஸ்கேல் சேவை. எதை எடுத்தான் என்பதைவிட, ஏன் எடுத்தான் என்று சொல்லட்டும்.

விபிஎஸ் வைத்திருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில் (தேவையில்லாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) மூடிவிட்டோம் என்று நினைத்திருக்கும்போது, ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கர், அதற்கு அடியில் உள்ள ஐபிடேபிள்ஸ் விதிகளில் தன் போர்ட்டைத் தானே திறந்து வைத்துவிடும். அதனால் கன்டெய்னரை 127.0.0.1-இல் (அந்த மெஷினுக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கட்ட வேண்டும். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை அணைத்து, சாவி மட்டும் இருக்க வேண்டும்.

சென்னை விடுதியில் இருக்கும் உங்கள் மகள், “மொபைல் டேட்டாவில் போட்டோ வருகிறது, விடுதி வைஃபையில் வரவில்லை” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: வீட்டிலும் விடுதியிலும் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்குகின்றன. போன் வீட்டு சர்வரை விடுதிக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு நெட்வொர்க்கை 192.168.73 போல ஒன்றுக்கு மாற்றி, வயர்கார்டிலும் திருத்தினால் சரியாகிவிடும். இதை அவனே கண்டுபிடிக்கிறானா என்று பாருங்கள், உடனே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். டிஸ்க் இன்று செத்தால் போட்டோக்கள் என்ன ஆகும்? பேக்கப் இருக்கிறது என்றால் போதாது. ஒரு ஃபோல்டரை உங்கள் கண்முன்னே திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்டேட் எப்போது செய்தான், நோட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்றும் பாருங்கள். புதிது புதிதாக ஆப் போட்டுவிட்டுப் பாதியில் விடுகிறவனுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது, வேறு வழி பார்ப்போம். சலிப்பான வேலையையும் விடாமல் செய்கிறான் என்றால் அவனைத் தடுக்காதீர்கள்.

கரண்ட் பில் பற்றி: சும்மா ஓடும் பழைய லேப்டாப் 15 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் ஆகும். பயப்பட வேண்டியது பேட்டரிக்குத்தான். எந்நேரமும் சார்ஜில் இருப்பதால் உப்பிவிடலாம். சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புப் பக்கம்) இருக்கிறதா என்று பார்க்கட்டும். அடிப்பாகம் புடைத்திருந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும்.

படிப்பு விஷயம். கவுன்சலிங், கட்ஆஃப் எல்லாம் எல்லோரும் சொல்வார்கள், நான் விடுகிறேன். கணிதம் எடுத்து +2 முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. அரசு அல்லது அரசு உதவி பெறும் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ, இரண்டே வருடம். கட்டணத்துக்குப் பத்திரம் தேவைப்படாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்று எழுதியிருப்பதால், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். முடித்தபின் பி.இ. வேண்டுமென்றால் லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டு சேரலாம். அந்தக் கதவு மூடுவதில்லை. டிப்ளமோ இரண்டாவது வருடத்தில் ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் அட்மின் சான்றிதழ்த் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏ எழுதலாம். கொள்குறி வினாக்கள் கிடையாது, ஓடும் லினக்ஸ் மெஷினில் செய்து காட்ட வேண்டிய தேர்வு. அவன் இப்போது வீட்டில் செய்வதே அதற்குப் பயிற்சி. ஆனால் கட்டணம் அதிகம், தயாராகும் முன் கட்டாதீர்கள்.

செலவுக்கு 15,000 ரூபாய் என்று கோடு போடுங்கள்: 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, பேக்கப்புக்கு ஒரு வெளி டிஸ்க், ரௌட்டருக்குச் சின்ன யுபிஎஸ். அதற்கு மேல் கேட்டால் அவன் சம்பாதித்து வாங்கட்டும். ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அனுமதியில்லாமல், கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் நெட்வொர்க்கில் கை வைத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து வீட்டு வைஃபையும் அதில் அடக்கம்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நான்கையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். பெரியப்பா மறுபடி வந்தால், 17,100 ரூபாய் கணக்கைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.