24 நாளில் ஊர் திரும்பியவர்

அன்புள்ள சார்,

நலம்தானே? அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லாரி பேர்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பெரிய பல்கலைக்கழகத்தை விட்டுச் சின்ன இடத்துக்குப் போனதுதான் அவரை ஆளாக்கியது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவ்வளவு திறமை உள்ளவர் எங்கே இருந்தாலும் ஜெயித்திருப்பார் இல்லையா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அண்ணன் மகனும் கூடைப்பந்து ஆடுகிறவன். சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தது. மூன்றாவது வாரமே பெட்டியோடு வந்துவிட்டான். இப்போது அண்ணனின் ஹார்டுவேர்ஸ் கடையில் இருக்கிறான். பக்கத்து ஊர்க் கல்லூரியில் கூப்பிடுகிறார்கள். "அங்கே போய் யார் கண்ணில் படப்போகிறான்?" என்கிறார் அண்ணன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எங்கே இருந்தாலும் ஜெயித்திருப்பார் என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். 1975 தொடக்கத்தில் பேர்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போது அவர் சொந்த ஊரான பிரெஞ்ச் லிக்கில் ஊராட்சி வேலையில் இருந்தார். குப்பை வண்டியில் போவது, புல் வெட்டுவது, தெருவில் பனி அள்ளுவது.

இந்தியானா மாநிலத்தின் தெற்கே சுமார் இரண்டாயிரம் பேர் இருந்த ஊர் அது. வீட்டில் ஆறு பிள்ளைகள். 1974-ல் புளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகம், பாப் நைட் கோச்சாக இருந்த டீம், அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அந்த மாநிலத்தில் பந்து தட்டுகிற பையனுக்கு அதைவிடப் பெரிய வாசல் கிடையாது. ஆனால் அங்கே முப்பதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். இவரிடம் மாற்றிப் போட நாலு நல்ல துணிகூட இல்லை. அறைத்தோழரின் துணிகளைப் போட்டுக்கொண்டார். எனக்கு அந்தத் துணி விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஆறடி ஒன்பது அங்குலம் வளர்ந்த பையன், இன்னொருவர் சட்டையில் வகுப்புக்குப் போகிறான். 24-ஆவது நாள் கோச்சிடம்கூடச் சொல்லாமல் சாலையில் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் பையனுக்கு அப்போது என்ன தேவை என்று கவனிக்கத் தவறிவிட்டேன் என்று நைட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1975 பிப்ரவரியில் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துக்கத்தோடு இருந்தவரைத் தேடி இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவி கோச் பில் ஹாட்ஜஸ் வந்தார். பையனை விட்டுவிடுங்கள் என்று அம்மா சொல்லியும் ஹாட்ஜஸ் விடவில்லை. டெரி ஹோட் ஊரில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் எண்ணிக்கை புளூமிங்டனில் பாதிகூட இல்லை. தேசிய முதல் பிரிவுத் தொடரில் அதன் டீம் அதுவரை காலே வைத்ததில்லை.

அப்போதிருந்த விதிப்படி, இடம் மாறியவர் ஒரு வருடம் மேட்ச் ஆடக் கூடாது. இவர் பயிற்சியில் மட்டும் கலந்துகொண்டார். அதே 1975-76 சீசனில், இவர் விட்டு வந்த இந்தியானா டீம் ஆடிய 32 ஆட்டத்திலும் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் இவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அண்ணன் மகனின் கல்லூரி டீம் எங்காவது ஜெயித்துப் பேப்பரில் படம் வந்தால், அன்றைக்கு அவனிடம் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

இப்போது அந்த விதி போய்விட்டது. அமெரிக்காவில் 2021-லிருந்து இடம் மாறிய உடனே ஆடலாம். ஆட்டக்காரருக்கு அது நியாயம்தான். ஆனாலும் பேர்டுக்கு அந்த ஒரு வருடம் நல்லது செய்தது என்றே நினைக்கிறேன். ஸ்கோர் பார்க்கிற கூட்டம் இல்லாமல், தினமும் பந்தோடு மட்டும் இருந்த வருடம்.

அடுத்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 32.8 பாயிண்ட். டீம் 25 வெற்றி, 3 தோல்வி.

உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1978-ல் தொழில்முறை டீமான பாஸ்டன் செல்டிக்ஸ், கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஆறாவது ஆளாக இவரை எடுத்துக்கொண்டது. முதலில் கல்லூரியில் சேர்ந்தது 1974-ல்; கூடச் சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்கிற வருடம் அது என்பதால் எடுக்கலாம். ஆனால் கல்லூரியில் ஆட இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. பணத்தைப் பார்த்து ஓடாமல் டெரி ஹோட்டிலேயே தங்கினார். டீம் தொடர்ச்சியாக 33 ஆட்டம் ஜெயித்தது. தேசியத் தொடரின் அரையிறுதியில் டிபால் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 19 தடவை எறிந்து 16 கூடை, மொத்தம் 35 பாயிண்ட். ஜெயித்தது இரண்டே பாயிண்டில், 76-74. 1979 மார்ச் 26 அன்று சால்ட் லேக் சிட்டியில் இறுதி ஆட்டம். எதிரில் மேஜிக் ஜான்சன் ஆடிய மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக டீம். அன்று பேர்டுக்குக் கை ஓடவில்லை. 21-க்கு 7தான் விழுந்தது. 75-64 என்று தோற்றார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அந்த ஆட்டத்தை மிஞ்சிய ரேட்டிங் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. சின்ன இடத்தில் இருந்தவர் யார் கண்ணிலும் படாமல் போகவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஆனால் பையன் பேர்ட் மாதிரி வருவான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது. திறமை இரண்டு இடத்திலும் அதே திறமைதான். டெரி ஹோட்டில் கூடுதலாக இருந்தது அவரைத் தேடி வந்த ஒருவர், முதல் நாளிலிருந்தே இவரை நம்பி இருந்த ஒரு டீம். பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து கூப்பிடுகிறவர் யார்? அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறாரா, உயரத்தைப் பார்த்தா? அண்ணனை அந்தக் கோச்சோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

கடையில் நிற்பதைப் பற்றி யாரும் குத்திக்காட்ட வேண்டாம். குப்பை வண்டி வேலை தனக்குப் பிடித்திருந்தது என்றுதான் பேர்ட் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஒன்று. கடை சாத்திய பிறகு பையன் மைதானத்துக்குப் போகிறானா? அதை நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.