பழைய தேடல் கேம்களில் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டால் யூடியூப் பார்த்து முடிப்பது தப்பா?

நாலு நாளாக ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் போல. பாருங்கள், தப்பே இல்லை. வேலையும் குடும்பமும் இருப்பவர்களிடம் போய் ‘நீயே கண்டுபிடி’ என்று உபதேசம் பண்ண நான் யார்? எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2012. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போச்சு. (காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு 2007-லேயே வந்தாயிற்று, ஆனாலும் தண்ணீருக்குக் கெஞ்சல்தான். அதை ஆரம்பித்தால் நிற்காது, விடுங்கள்.) அப்பா வயலில் வேலையில்லாமல் திண்ணையில். நான் லீவில், பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில் ‘சூப்பர் மெட்ராய்ட்’.

1994-இல் வந்த கேம். பேய் பிடித்த கப்பலை முடித்து, தண்ணீருக்குள் தடையில்லாமல் நடக்க கிராவிட்டி சூட்டும் வாங்கியாயிற்று. அப்புறம் எங்கே போவது? கேம் வாயே திறக்காது. சேவ் ரூமைத் தொடுவதற்குள் கரண்ட் போய்விடும், திரும்பப் பழைய சேவிலிருந்து. எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேவ் பண்ணலாமே என்பீர்கள். அது திருட்டு என்று அப்போது ஒரு வீறாப்பு. 1986-இல் வந்த முதல் மெட்ராய்டில் மேப்பே கிடையாது, இதெல்லாம் ஒரு கஷ்டமா என்றும் கமெண்டில் ஒருவர் வருவார். வரட்டும்.

பத்து நாள் ஆயிற்று. ஒரு சாயங்காலம் அப்பா பின்னால் வந்து நின்றார். கேமின் நாயகி சாமஸ் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தாள். நான் எத்தனையோ தடவை கடந்த குழாய்.

“வெளியில பூரா தண்ணி நிக்குதேடா. உடைச்சு விட்டா என்ன?”

ராத்திரியில் மண்வெட்டியோடு மடை பார்த்தே வளர்ந்த மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது சும்மா படம்ப்பா” என்றேன்.

இரண்டு நாள் கழித்து, அவர் டீக்கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, குழாய்க்குள் உருண்டையாகச் சுருண்டு ஒரு பவர் பாம், அதாவது பெரிய வெடிகுண்டு, வைத்தேன். திரை வெளுத்தது. முதலில் விரிசல். அப்புறம் மொத்தக் கண்ணாடியும் பொலபொலவென்று கொட்டியது. மேரிடியா என்ற தண்ணீர்ப் பகுதி முழுக்கத் திறந்து கிடந்தது. கை நடுங்கியது, சந்தோஷமாக இல்லை.

அதே கேமில் சுவருக்குச் சுவர் தாவுவதை, ஒரு குழியில் மூன்று குட்டிப் பிராணிகள் தாவுவதைப் பார்த்துப் பார்த்து இரண்டு ராத்திரியில் நானே பிடித்தேன். அதை மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

போன பொங்கலுக்குக்கூட அப்பா கேட்டார், “அந்தக் குழாயை உடைச்சுப் பாத்தியா?” என்று. இல்லை என்றுவிட்டேன்.