‘ஒன் சிட்டிங்’ டிகிரிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். வயது 36. கோவையில் ஒரு பட்டறையில் 14 வருடமாக லேத் ஓட்டுகிறேன். பெரிய கம்பெனிக்குப் போனால் சர்டிபிகேட் கேட்கிறார்கள். ஒரே சிட்டிங்கில், பழைய தேதியிட்டு டிகிரி தருவதாக ஒரு ஸ்டடி சென்டர் சொல்கிறது. அட்வான்ஸ் கட்டலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மூன்று வருடப் பட்டத்தை ஒரே தடவையில் எழுதி முடிக்க யுஜிசி விதியில் இடமில்லை. பழைய தேதி போட்டால் அது போலிச் சான்றிதழ். சேர்ந்தபின் கம்பெனி சரிபார்க்கும்போது மாட்டப்போவது நீங்கள்தான். சென்டர்காரர் அதற்குள் போர்டை மாற்றியிருப்பார். ‘பிளஸ் டூ தேவையில்லை சார்’ என்றும் ஆசை காட்டுவார்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் டிகிரி தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை 107 வந்துவிட்டது. அதை எந்த சென்டரும் சொல்லாது.

சரி, லேத்காரருக்கு டிகிரி எதற்கு? கேட்பது ஐடிஐ சான்றுதான். அதற்காக இரண்டு வருடம் வகுப்பில் உட்கார வேண்டாம். 21 வயது முடிந்து, பதிவு பெற்ற நிறுவனத்தில் தொழில் சார்ந்த 3 வருட அனுபவம் இருந்தால், ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். முதலில் முதல்நிலைத் தேர்வு, அதில் தேறினால் முக்கியத் தேர்வு. த்ரெட் (மரை) வெட்டுவது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிராயிங்கும் ஒர்க்‌ஷாப் கணக்கும்தான் காலை வாரும். பழைய கேள்வித்தாள்களை இப்போதே வாங்கிப் படியுங்கள்.

பெரிய தலைவலி அனுபவச் சான்று. இஎஸ்ஐ, பிஎஃப் இல்லாமல் வைத்திருக்கும் முதலாளி எழுதிக் கொடுக்கத் தயங்குவார். விடாதீர்கள். லெட்டர்ஹெட்டில் பட்டறையின் பதிவு எண், சேர்ந்த தேதி, லேத் தொழிலுக்கான ‘டர்னர்’ என்ற சொல் மூன்றும் இருக்க வேண்டும். ‘ஹெல்பர்’ என்று எழுதிக் கொடுத்தால் மாற்றி வாங்குங்கள். அந்த ஒரு சொல்லே விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும். ஆளைக் கணக்கில் காட்டாமல் வேலை வாங்குபவரை யாரும் கேட்பதில்லை, அத்தாட்சி மட்டும் தொழிலாளியிடம் கேட்கிறார்கள்!

ஆர்பிஎல் (ஏற்கெனவே கற்ற திறனை அங்கீகரிப்பது) என்று சில நாள் பயிற்சியோடு ஒரு சான்று தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ‘ஐடிஐக்குச் சமம்’ என்று சொல்பவருக்குப் பணம் தராதீர்கள்.

தனித்தேர்வர் அறிவிப்பு பத்திரிகை மூலையில் நாலு வரியாக வரும், கண்ணில் படுவதற்குள் கடைசித் தேதி தாண்டிவிடும். அதனால் இந்த வாரமே அரசு ஐடிஐக்கோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கோ நேரில் போய், அடுத்த விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள்.